கருப்பையின் நடுச்சுவர்: ஒரு சத்திரசிகிச்சையின் வரலாறு

1669ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை வசால் என்னும் சத்திரசிகிச்சையாளர் திறந்து பார்த்தார். இறந்தவளுக்கு வயது 32. அவள் 11 பிள்ளைகளை நிறைமாதத்திற் பெற்றவள். 12ஆவது கருவே அவளுக்குக் கூற்றாயிற்று. கருப்பையின் ஒரு பக்கத்தே ஒட்டிக்கிடந்த சிறியதொரு பையினுள் அக்கரு தங்கி வளர்ந்து, நாலாம் மாதமளவில் அப்பையைக் கிழித்துவிட்டிருந்தது. தாம் கண்டது இரண்டாவதொரு கருப்பை என வசால் எழுதினார். லண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டிலும் அச்செய்தி அவ்வாண்டே இடம்பெற்றது. அக்காலத்தில் பாரிசிற் புகழ்பெற்றிருந்த மகப்பேற்று மருத்துவர் மொறிசோ இதனை ஏற்கவில்லை. இரண்டாவது கருப்பை என்று ஒன்றில்லை என வாதிட்டார். வளர்ச்சி குன்றிய கருப்பைக் கொம்பு ஒன்றில் உண்டான கர்ப்பம் பற்றிய முதற் பதிவாக இன்று இதனையே மருத்துவ நூல்கள் காட்டுகின்றன.

இருவரின் வாதத்திலும் பேசப்படாத ஒன்று இச்செய்தியில் உண்டு. பிறவியிலேயே அமைப்பு மாறிய கருப்பையை உடையவள் 11 பிள்ளைகளைப் பெற்றிருந்தாள். அமைப்பு மாறியிருப்பது வேறு, நோயுற்றிருப்பது வேறு. இவ்விரண்டும் எப்போது ஒன்றாக எண்ணப்பட்டன, அவ்வெண்ணம் எத்தனை பெண்களைச் சத்திரசிகிச்சை மேசைக்குக் கொண்டுசென்றது, அதற்கான சான்று எப்போது தேடப்பட்டது என்பனவே இக்கட்டுரை ஆராய விழைவன.

பழங்கால மருத்துவர்க்குக் கருப்பை ஒற்றை அறை கொண்டதென்பதே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. மனித உடலைப் பிளந்து பார்க்கும் வாய்ப்பு அரிதாயிருந்த காலத்தில் கேலன் முதலியோர் விலங்குகளின் உடலைக்கொண்டே மனித உடலை விளக்கினர். முயலுக்குக் கருப்பை இரண்டு. பசுவின் கருப்பை இரு கொம்பாகப் பிரிவது. ஆகவே மனிதப் பெண்ணுக்கும் அவ்வாறே இருக்கும் எனக் கொண்டதில் வியப்பில்லை. மத்திய கால ஐரோப்பாவில் இக்கருத்து இன்னும் விசித்திரமாக வளர்ந்தது. கருப்பைக்கு ஏழு அறைகள். வலப்புறத்து மூன்றில் ஆணும் இடப்புறத்து மூன்றில் பெண்ணும் நடு அறையில் அலியும் உருவாகும் என்று கற்பிக்கப்பட்டது. 1316இல் தம் உடற்கூற்று நூலை எழுதிய மொண்டினோ, பிணங்களைத் தாமே பிளந்து காட்டியவராயிருந்தும், ஏழறைக் கொள்கையைக் கைவிடவில்லை. கண் கண்டதை ஏடு மறைத்ததற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம். 1543இல் வெசேலியஸ் வெளியிட்ட நூலிலே ஒற்றை அறை கொண்ட மனிதக் கருப்பை தெளிவாக வரையப்பட்டது. அதன் பின்னரே ஒற்றை அறை இயல்பு என்றும், இரட்டை அறை பிறழ்வு என்றும் பிரித்தறிய வழி பிறந்தது.

பிறழ்வு ஏன் உண்டாகிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. ஜேர்மானிய உடற்றொழிலியலாளர் யோகான்னஸ் மியூலர் 1830இல் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சி பற்றித் தாம் எழுதிய நூலில், முளையத்தில் இரு பக்கமும் இறங்கிவரும் ஒரு சோடிக் கான்களை விவரித்தார். மியூலர் கான்கள் என அவை இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. இக்கான்களின் மேற்பகுதிகள் தனித்தனியே நின்று பலோப்பியன் குழாய்களாகின்றன; கீழ்ப்பகுதிகள் நடுவே வந்து ஒன்றோடொன்று பொருந்திக் கருப்பையாகின்றன. பொருந்திய இடத்தில் எஞ்சும் நடுச்சுவர் பின்னர் கரைந்து மறைகிறது. ஆக, ஒவ்வொரு பெண்ணின் கருப்பையும் ஒரு காலத்தில் இரண்டாய் இருந்ததே. கான்கள் வளராதுவிடின் கருப்பையே இல்லாது போகும். ஒன்று மட்டும் வளரின் ஒற்றைக் கொம்புக் கருப்பை. இரண்டும் சிறிதும் பொருந்தாவிடின் இரட்டைக் கருப்பை. மேற்பகுதி மட்டும் பொருந்தாவிடின் இருகொம்புக் கருப்பை. பொருந்தியும் நடுச்சுவர் கரையாவிடின் பிரிசுவர்க் கருப்பை. சிறுநீரகங்களும் அண்டையிலேயே உருவாவதால், இத்தகைய பெண்களிற் சிலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாதிருப்பதும் உண்டு.

(இப்பெயர்களை எல்லாம் தமிழில் எழுதும்போது, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கென நூல்களையும் தமிழாக்கிய வைத்தியர் கிறீனின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டிற் செய்யக்கூடியதாயிருந்தது இன்று இயலாதென்பார் உளர்.)

மியூலரின் காலத்தில் இப்பிறழ்வுகள் பெரும்பாலும் பிணவறையிலேயே கண்டறியப்பட்டன. வியன்னாவில் 30,000க்கு மேற்பட்ட பிரேதங்களைத் தாமே ஆராய்ந்தவராகக் கூறப்படும் றொக்கிற்றான்ஸ்கி, கருப்பை இல்லாத பெண்களின் உடல்களையும் விவரித்தவர்களுள் ஒருவர். மேயர், றொக்கிற்றான்ஸ்கி, கூஸ்ற்றர், ஹவுசர் ஆகிய நால்வரின் பெயராலும் அந்நிலை இன்று வழங்குகிறது. ஏறத்தாழ 5,000 பெண்களில் ஒருவருக்கு இது நேர்வதாகக் கணிக்கப்படுகிறது. சூலகங்கள் செவ்வனே இருக்க, கருப்பை மட்டும் இல்லாத இப்பெண்களுக்கு மருத்துவம் நெடுங்காலம் பிள்ளைப்பேற்றுக்கு வழி எதனையும் காட்டவில்லை. சுவீடனில் பிரான்ஸ்ற்றொம் குழுவினர் வேறொரு பெண்ணின் கருப்பையைப் பொருத்த, அதிலிருந்து 2014 செப்டெம்பரில் முதற் குழந்தை பிறந்தது. அது தனியே எழுதப்படவேண்டிய வரலாறு.

மேலே செல்லுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் அவசியம். சில பிறழ்வுகளில் வழி அடைபட்டிருக்கும். பருவமெய்திய பெண்ணின் மாதவிடாய் இரத்தம் வெளியேற வழியின்றி மாதந்தோறும் தேங்கி, வயிறு வீங்கி, அவள் துடிப்பாள். அடைப்பை நீக்கியதும் வேதனை தீரும். வசால் கண்ட பெண்ணைப் போல் கொம்பிலே கரு தங்கிக் கிழிந்துவிட்டால் அக்கொம்பை உடனே அகற்றாவிடில் உயிர் தங்காது. இத்தகைய இடங்களிற் சத்திரசிகிச்சைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. பயன் கண்முன்னே நிற்கிறது. சிக்கல் எழுந்தது அடைப்பில்லாத பிறழ்வுகளில், சிறப்பாக நடுச்சுவர் கரையாத கருப்பையில். அப்பெண்ணுக்கு நோவில்லை, வீக்கமில்லை. கரு தங்குகிறது, சிலருக்கு மீண்டும் மீண்டும் கலைகிறது. கலைவதற்குச் சுவர்தான் காரணமா?

ஆம் என்ற விடை மிக முன்னரே கிடைத்துவிட்டது. 1880களில் ஜேர்மனியில் றூக என்பார், இரு முறை கருச்சிதைவுற்ற ஒரு பெண்ணின் கருப்பைச் சுவரை வெட்டி நீக்கினார். பின்னர் அவள் நிறைமாதக் குழந்தையைப் பெற்றாள். 1907இல் பேர்லினைச் சேர்ந்த போல் ஸ்ற்றாஸ்மன், இருகொம்புக் கருப்பையின் உச்சியைக் குறுக்காகத் திறந்து, இரு அறைகளையும் ஒன்றாக்கித் தைக்கும் முறையை வெளியிட்டார். யூத வழிவந்தவராகிய அவர் நாசிகளின் ஆட்சியில் தமது மருத்துவமனையை இழந்து 1938இல் காலமானார். ஆனால் அவரது முறை, அமெரிக்காவுக்குச் சென்ற மகன் எர்வின் ஸ்ற்றாஸ்மனோடு கடல் கடந்தது. மகன் 1952இல் வெளியிட்ட கட்டுரை, பிறரிடமிருந்து திரட்டிய 123 பேரையும் தாம் சிகிச்சையளித்த ஐவரையும் பற்றியது. தொழில் வளர்ந்த விதத்தை இவ்வெண்களே சொல்லும். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னரும் உலகெங்கும் தேடித் திரட்டியவை அவ்வளவே.

தொகை பெருகியதற்குக் காரணம் கத்தியன்று, கண். றொண்ட்ஜன் 1895இல் எக்ஸ்-கதிரைக் கண்டார். 1914இல் அமெரிக்காவில் கேரி, றூபின் ஆகிய இருவர், கதிர் ஊடுருவாத திரவத்தைக் கருப்பையினுட் செலுத்திப் படம்பிடிக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். உயிரோடிருக்கும் பெண்ணின் கருப்பை அறையின் வடிவம் முதன்முறையாகத் தாளிலே விழுந்தது. எனினும் இப்படத்துக்கு ஒரு குறை உண்டு. அது அறையின் உட்புறத்தையே காட்டும், வெளிப்புறத்தைக் காட்டாது. உள்ளே இரு கிளையாகத் தோன்றும் கருப்பை, வெளியே இரு கொம்பாகப் பிரிந்ததா அல்லது ஒன்றாய் இருந்து நடுவே சுவர் கொண்டதா என்பதை அப்படம் சொல்லாது. முன்னதற்கு ஸ்ற்றாஸ்மனின் முறை வேண்டும். பின்னதற்குச் சுவரை நீக்கினாற் போதும். 1989இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் மீளாய்வு செய்தபோது, இவ்விரண்டையும் பிரித்தறிவதில் எக்ஸ்-கதிர்ப் படம் மட்டும் சரியாயிருந்தது 55 வீதமே. கழியொலிப் பரிசோதனையையும் சேர்த்தபோது அது 90 வீதமாக உயர்ந்தது. கழியொலி என்பது இன்று எல்லோரும் ‘ஸ்கான்’ என்று சொல்லும் அதுவேதான். 1970களில் வயிற்றினுட் குழாய் செலுத்திக் கருப்பையின் வெளிப்புறத்தை நேரிற் பார்க்கும் முறை பரவும்வரை, வயிற்றைத் திறந்த பின்னரே சத்திரசிகிச்சையாளர் தாம் எதற்குச் சிகிச்சை செய்கிறோம் என்பதை உறுதியாக அறிந்தார்.

இவ்வரலாற்றில் 1953ஆம் ஆண்டு தனியே நின்று நோக்கத் தக்கது. அமெரிக்க மகப்பேற்றியல், பெண்நோயியல் சஞ்சிகை ஒன்றின் அவ்வாண்டு இதழ்களில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று போல்ரிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹொவார்ட் ஜோன்ஸ், ஜோர்ஜியானா ஜோன்ஸ் தம்பதியருடையது. தொடர்ந்து கருக்கலையும் பெண்களில் இரட்டைக் கருப்பையைச் சத்திரசிகிச்சையாற் சீர்செய்வது பற்றி அது பேசியது. சுவரை ஆப்பு வடிவில் வெட்டி நீக்கும் முறை அவர்களின் பெயராலேயே பரவிற்று. அமெரிக்காவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1981இற் பிறப்பதற்கு வழிசெய்தவர்களும் இவர்களே.

மற்றைய கட்டுரை சிக்காகோவைச் சேர்ந்த டீக்மன் குழுவினருடையது. 1938இல் செயற்கையாக ஆக்கப்பட்ட ஸ்ரில்பெஸ்ற்றோல் என்னும் ஓமோன், கருச்சிதைவைத் தடுக்கும் எனப் பொஸ்ரன் நகரின் ஸ்மித் தம்பதியர் கூறியிருந்தனர். அமெரிக்க மருத்துவர்கள் அதனைத் தாராளமாக வழங்கிவந்தனர். டீக்மன் குழுவினர் 1,646 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மற்றையோருக்கு மருந்தற்ற வெற்றுக் குளிசையையும் கொடுத்தனர். மருந்தினாற் பயனில்லை எனத் தெளிவாயிற்று. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. மேலும் 18 ஆண்டுகள் அம்மருந்து கொடுக்கப்பட்டது. 1971இல், அதனை உட்கொண்ட தாய்மாரின் பெண்மக்களிடையே அரிய வகை யோனிப் புற்றுநோய் தோன்றுவதை ஹேபர்ஸ்ற் முதலியோர் காட்டிய பின்னரே தடை வந்தது. 1977இல் வேறோர் உண்மையும் புலப்பட்டது. அப்பெண்மக்களிற் பலருக்குக் கருப்பை அறை ஆங்கில எழுத்து ‘ரீ’யின் வடிவிற் குறுகியிருந்தது. கருச்சிதைவைத் தடுக்கவெனத் தாய்க்குக் கொடுத்த மருந்து, மகளின் கருப்பையைக் கருச்சிதைவுக்கு இலக்காகும் வடிவிற் சமைத்துவிட்டது.

ஓரே ஆண்டில், ஒரே சஞ்சிகையில் வந்த இவ்விரு கட்டுரைகளில் ஒன்று ஒரு மருந்தை ஒப்பீட்டால் அளந்தது. மற்றையது ஒரு சத்திரசிகிச்சையை ஒப்பீடின்றி முன்வைத்தது. அக்கால வழக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஜோன்ஸ் தம்பதியரைக் குறைகூற முடியாது. மருந்துக்கு வெற்றுக் குளிசையை ஈடாக வைக்கலாம். கத்திக்கு எதை ஈடாக வைப்பது என்பதே பொதுவான எண்ணமாயிருந்தது. ஆனால் அந்த எண்ணம் அதன் பின்னரும் அரை நூற்றாண்டு நீடித்ததற்குச் சமாதானம் சொல்வது எளிதன்று.

1962இல் ரொம்கின்ஸ் என்பார் இழையம் எதனையும் வெட்டி நீக்காது கருப்பையை நடுவாற் பிளந்து சுவரை விரித்துத் தைக்கும் முறையைக் கூறினார். மூன்று முறைகளுக்கும் பொதுவான விலை ஒன்று உண்டு. வயிற்றைத் திறக்க வேண்டும். கருப்பைத் தசையை முழு ஆழத்துக்கும் வெட்ட வேண்டும். ஆறும்வரை பல மாதங்கள் கருத்தரியாது காத்திருக்க வேண்டும். பின்னர் பிரசவமும் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டு மலட்டுத்தன்மை உண்டாவதும் நேர்ந்தது. இவ்விலை பெரிதாயிருந்தமையால், பல முறை இழந்த பெண்களே இதற்கு உடன்பட்டனர்.

விலையை இறக்கியது கருப்பை உள்நோக்கி. 1869இலேயே பந்தலெயோனி என்னும் மருத்துவர் ஒளிக் குழாயொன்றைக் கருப்பையினுட் செலுத்தி, உள்ளே வளர்ந்திருந்த தசைமுளையைக் கண்டு சுட்டெரித்தார். அதன் பின் நூறாண்டுகள் அக்கருவி ஒரு விந்தைப் பொருளாகவே கிடந்தது. கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று அமுங்கிக் கிடப்பதால் உள்ளே எதுவும் தெரிவதில்லை. 1970இல் சுவீடனின் எட்ஸ்ற்றொம், பேர்ன்ஸ்ற்றொம் இருவரும் பாகுபோன்ற டெக்ஸ்திரான் கரைசலால் அறையை விரித்துத் தெளிவாகப் பார்த்தனர். 1974இல் எட்ஸ்ற்றொம் அவ்வழியே நடுச்சுவரை வெட்டினார். 1981இல் நியூயோர்க்கின் செர்வெனக், நியூவேர்த் ஆகியோரும் தம் அனுபவத்தை வெளியிட்டனர். வயிற்றிலே தழும்பில்லை; அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்; இயல்பான பிரசவமும் சாத்தியம். பத்து ஆண்டுகளுக்குள் நடுச்சுவருக்காக வயிற்றைத் திறப்பது அருகிவிட்டது. பெண்களுக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிகிச்சை எளிதாகும்போது அது யாருக்கு வேண்டும் என்ற கேள்வியும் தளர்ந்துவிடுகிறது. மூன்று முறை இழந்தவளுக்குச் செய்தது ஒரு முறை இழந்தவளுக்கும், பின்னர் ஒரு முறையும் கருத்தரியாதவளுக்கும் செய்யப்பட்டது.

இதற்கு ஆதாரமாக நின்றது முன்னும் பின்னும் என்ற கணக்கு. 2000ஆம் ஆண்டில் ஹோமர் முதலியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்தனர். 658 பெண்கள், சத்திரசிகிச்சைக்கு முன் 1,062 கர்ப்பங்கள், அவற்றுள் 88 வீதம் கலைந்தன. பின்னர் உண்டான 491 கர்ப்பங்களில் 14 வீதமே கலைந்தன. இவ்வெண்களைப் பார்க்கும் எவருக்கும் வாதிட வாயெழாது. ஆயின் சிறிது நின்று யோசிக்க வேண்டும். கருக்கலைந்தவர் என்பதாலேயே இப்பெண்கள் தெரிவுசெய்யப்பட்டனர். ஆகவே முன்னைய கணக்கு இழப்பால் நிறைந்திருப்பது தெரிவின் விளைவு. சுவர் இருந்தும் இழப்பின்றிப் பெற்ற பெண்கள், வசாலின் பாரிஸ் பெண்ணைப் போன்றவர்கள், அக்கணக்கினுள் வரவே மாட்டார்கள். காரணம் தெரியாது மும்முறை கருக்கலைந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் சிகிச்சை எதுவுமின்றி அடுத்த முறை குழந்தையைப் பெறுகின்றனர் என்பதும் அறியப்பட்டதே. பின்னைய 14 வீதத்தில் கத்தியின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்பதை அக்கணக்குச் சொல்லாது.

மறுபுறத்தே, சுவர் முற்றிலும் குற்றமற்றது என்றும் கூறுவதற்கில்லை. 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி பொதுவான பெண்களில் 5.5 வீதத்தினருக்குக் கருப்பைப் பிறழ்வு உண்டு. கருச்சிதைவு வரலாறுடையோரில் அது 13.3 வீதம். தொடர்பு இருக்கிறது. ஆனால் தொடர்பிலிருந்து, வெட்டினால் தீரும் என்ற முடிவுக்குப் பாய்வதே இடர். அப்பாய்ச்சலுக்குப் பாலமாயிருந்தது, சுவர் இரத்தவோட்டமற்ற நார்த்தசையாலானது, அதிற் பதியும் கரு ஊட்டமின்றி அழியும் என்ற விளக்கம். 1995இல் ஈரானிய ஆய்வாளர் நடுச்சுவரின் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, அங்கே நார் குறைவாகவும் தசை மிகுதியாகவும் இருக்கக் கண்டனர். பாடநூல்கள் தம் விளக்கத்தை மாற்ற விரைந்ததாகத் தெரியவில்லை.

சுவர் என்பது எது என்பதிலுங்கூட உடன்பாடில்லை. 1979இல் பட்ரம், கிபன்ஸ் வகுத்த பாகுபாட்டைத் திருத்தி அமெரிக்கக் கருவளச் சங்கம் 1988இல் ஏற்றது. அதில் அளவுகள் இல்லை, படங்களே வழிகாட்டின. 2013இல் ஐரோப்பியச் சங்கங்கள், உட்குழிவு கருப்பைச் சுவரின் தடிப்பில் பாதியை மீறினால் அது பிரிசுவர்க் கருப்பை என்றன. 2016இல் அமெரிக்கச் சங்கம் 1.5 சென்ரிமீற்றர் ஆழமும் 90 பாகையிலும் குறைந்த கோணமும் வேண்டும் என்றது. 2021இல் ஆழம் 1 சென்ரிமீற்றராயிற்று. இதன்படி, 1.2 சென்ரிமீற்றர் ஆழமும் கூரிய கோணமும் கொண்ட ஒரு பெண்ணுக்கு 2020இல் அமெரிக்காவிற் சுவரென்று உறுதியாகச் சொல்லப்பட்டிராது. ஈராண்டு கழித்துச் சொல்லப்படும். அவளது உடலில் எந்த மாற்றமும் நிகழ்ந்திராது.

ஒப்பீடு கடைசியில் வந்தது. நெதர்லாந்தில் தொடங்கி, பிரித்தானியா, அமெரிக்கா, ஈரான் ஆகிய நாடுகளையும் சேர்த்துக்கொண்ட ஆய்வொன்று, நடுச்சுவருடைய பெண்களைச் சீட்டிழுப்புப் போன்ற முறையால் இரு பிரிவாக்கிற்று. ஒரு பிரிவினருக்குச் சுவர் வெட்டப்பட்டது. மற்றையோர் வெட்டப்படாது விடப்பட்டனர். 2010இலிருந்து 2018வரை எட்டு ஆண்டுகள் தேடியும் சேர்ந்தவர்கள் 80 பேர் மட்டுமே. 2021இல் முடிவு வெளிவந்தது. வெட்டப்பட்ட 39 பேரில் 12 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். வெட்டப்படாத 40 பேரில் 14 பேர் பெற்றனர். 31 வீதமும் 35 வீதமும். வெட்டப்பட்டவர்களுள் ஒருவருக்குக் கருப்பை துளைபட்டது.

தொகை சிறிது, சுவரின் அளவு பலவாறானது, ஆகவே இதுகொண்டு முடிவுகட்ட இயலாது என்போர் பலர். அவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. 80 பேரைக்கொண்டு சிறிய நன்மையொன்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஹோமரின் தொகுப்பிற் கண்ட 88க்கும் 14க்கும் இடையிலான பாரிய வித்தியாசம் கத்தியால் விளைந்ததாயின், அதன் நிழலாவது இங்கே விழுந்திருக்க வேண்டும். ஆய்விற் சேர 80 பேரே கிடைத்தமைக்கும் காரணம் இருக்கிறது. வெட்டுவதா விடுவதா என்பதைச் சீட்டிடம் ஒப்படைக்க ஒருவர் இசைய வேண்டுமாயின், இரண்டும் சமமாயிருக்கலாம் என்று அவர் உள்ளூர நம்ப வேண்டும். றூகவின் காலத்திலிருந்து 130 ஆண்டுகளாக அப்படி நம்பியவர் மருத்துவரிலும் நோயாளரிலும் மிகச் சிலரே. அமெரிக்கச் சங்கம் நன்மை தீமைகளைக் கலந்துபேசிச் சிகிச்சையளிக்கலாம் என்கிறது. நெதர்லாந்து ஆய்வாளரோ வழமையாக வெட்டுவதைக் கைவிடுமாறு கோருகின்றனர். இருமுறை கருக்கலைந்த ஒரு பெண் இன்று எந்த நாட்டில், எந்த மருத்துவரின் மேசை முன்னே அமர்கிறாள் என்பதைப் பொறுத்தே அவளது கருப்பைச் சுவர் வெட்டப்படுவதும் விடப்படுவதும் நிகழ்கின்றன.